குடியானவர் வீட்டுத் தரைகளும் அவற்றைச் சுத்தம் செய்யும் முறைகளும்

பேரிகையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓரளவு நிலபுலம் உள்ள ஒரு குடியானவர் வீட்டினுள் நுழைபவர், பின்கட்டை அடைவதற்குள் நான்கைந்து விதமான தரைகளை மிதித்துச் செல்வது சாதாரணம். வாசலில் சாணம் தெளித்த மண் தரை. திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கல் பலகை. பாட்டனார் காலத்துக் கூடத்தில் காவி கலந்த சிமெண்டுத் தரை. மகன் ஓசூர் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்த பிறகு எடுத்துக் கட்டிய அறைகளில் டைல்ஸ். பின்புறம் மாட்டுத் தொழுவம். அதற்கும் அப்பால் பட்டுப்புழு மனை, ராகிக் களம். வீடு ஒன்று, தரைகள் பல. ஆனால் இவை அனைத்தையும் சுத்தம் செய்ய வீட்டில் இருப்பதோ ஒரு துடைப்பம், ஒரு வாளி, கடையில் வாங்கிய ஒரு புட்டி. அநேக நஷ்டங்களுக்கும் சில விபத்துக்களுக்கும் இதுவே மூலகாரணம்.

கிரகப்பிரவேசத்துக்கு முன்தினம் நடப்பதை யாவரும் கண்டிருப்பர். புதிய தரையின்மேல் சிமெண்டுப் பால் காய்ந்து வெண்மையாகப் படிந்திருக்கும். விருந்தினர் வருமுன் அதனைப் போக்க வேண்டுமென்று, கடையில் ஆசிட் என்று விற்கும் திராவகத்தை வாங்கிவந்து ஊற்றுவர். ஊற்றிய இடத்தில் நுரை பொங்கும். "இது என்னப்பா, சுண்ணாம்பு தாளிப்பது போல் பொங்குகிறதே!" என்று வீட்டுக் கிழவி கேட்டால், "அழுக்கு கிளம்புகிறது, அவ்வா" என்று பேரன் விடை சொல்லுவான். கிளம்புவது அழுக்கு மட்டும் அன்று. தரையும் சேர்ந்தே கரைகிறது. சிமெண்டிலும் சலவைக்கல்லிலும் கடப்பைக் கல்லிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தைத் திராவகம் கரைக்கும்போது எழும் வாயுவே அந்த நுரை. மறுநாள் தரை வெளுத்துச் சுத்தமாகவே தோன்றும். ஆனால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அன்று முதல் முன்னைக்காட்டிலும் விரைவில் அழுக்கைப் பிடிக்கும். அழுக்கு மிகுந்ததைக் கண்டு மீண்டும் திராவகம் ஊற்றப்படும். இவ்வாறு சில வருஷங்களில் நல்ல தரை ஒன்று பாழாகிவிடும்.

ஆகையால் தரையைச் சுத்தம் செய்ய விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, அத்தரை எதனால் ஆனது என்பதே. எந்த மருந்து நல்லது என்ற கேள்வி அதற்குப் பிற்பட்டது.

தரையை அறிய மூன்று சோதனைகள்

இச்சோதனைகளுக்குச் செலவு ஏதும் இல்லை. கட்டிலுக்கு அடியிலோ கதவு மூலையிலோ, கண்ணில் படாத ஓர் இடத்தில் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஜலச் சோதனை. தரையில் ஒரு கரண்டி நீரை விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் துடைக்க வேண்டும். அவ்விடம் கறுத்துக் காணப்பட்டால் தரை நீரை உறிஞ்சுகிறது என்று அறியலாம். நீரை உறிஞ்சும் தரை எண்ணெயையும் புளிக்குழம்பையும் மாட்டு மூத்திரத்தையும் அவ்வாறே உறிஞ்சும். அதன்மேல் சிந்தியதை அக்கணமே துடைத்துவிடுவது அவசியம்.

இரண்டாவது, புளிப்புச் சோதனை. எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். அவ்விடத்தில் நுண்ணிய குமிழிகள் எழுந்தாலும் மெருகு மங்கினாலும் அது சுண்ணாம்புச் சத்துள்ள தரை. அதன்மேல் திராவகம் எக்காலத்திலும் கூடாது. புளி, எலுமிச்சை, மோர் ஆகியவற்றையும் அதன்மேல் சிந்திக் காயவிடலாகாது.

மூன்றாவது, வழுக்குச் சோதனை. தரையை நனைத்துவிட்டு ஈரக்காலுடன் மெல்ல நடந்து பார்க்க வேண்டும். கால் நழுவுமானால் அத்தரையில் முதியோரும் கர்ப்பிணிகளும் நடமாடும் வேளையில் ஈரம் இருக்கக்கூடாது. தொழுவத்திலோ எனில் அத்தகைய தரையே கூடாது.

மண் தரை

செம்மண்ணும் மணலும் கலந்து நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, மேலே சாணம் மெழுகிய தரை நம் முன்னோர் நெடுங்காலம் கையாண்டது. வெயிற்காலத்தில் குளிர்ச்சியாகவும் பனிக்காலத்தில் பாதத்தை உறைய வைக்காமலும் இருப்பது இதன் குணம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3000 அடி உயரத்திலுள்ள ஓசூர்ப் பீடபூமியின் மார்கழிக் குளிரை அறிந்தவர் இதன் அருமையையும் அறிவர்.

சாணத்தில் உள்ள நுண்ணிய நார்களும் பசையும் மண் தூளைக் கட்டி நிறுத்துகின்றன. புழுதி கிளம்பாமல் இருப்பதும் வெடிப்பு குறைவதும் இதனாலேயே. மெழுகுவதற்கு அன்றைய புதுச் சாணமே ஏற்றது. அதிலுள்ள வைக்கோல் துணுக்குகளை நீக்கி, கூழ்ப் பதமாகக் கரைத்து, மெல்லிய பூச்சாக இழுக்க வேண்டும். கனமாகப் பூசினால் காய்ந்தவுடன் செதில் செதிலாகப் பெயரும். வெடிப்புகளையும் குழிகளையும் முதலில் அதே மண்ணைப் பிசைந்து அடைத்து, காய்ந்த பிறகே மெழுக வேண்டும். மண் தரையின் குழியில் சிமெண்டை வைத்து அடைப்பது வீண். மண் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். சிமெண்டு அவ்வாறு இயங்காது. ஆகவே சிமெண்டு ஒட்டு தனியாகக் கழன்று, குழி முன்னிலும் பெரிதாகும். அந்த இடுக்கில் எறும்பும் தேளும் குடியேறும்.

சாணத்தின் நன்மையைக் கூறும்போது அதன் தீமையை மறைக்கலாகாது. கால்நடைகளின் சாணத்தில் ரணஜன்னிக் கிருமியின் வித்துக்களும் வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிருமிகளும் இருக்கக்கூடும். கழிச்சல் கண்ட கன்றின் சாணத்தையும், கருச்சிதைவு கண்ட மாடு நின்ற தொழுவத்துச் சாணத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. மெழுகிய தரை முற்றும் காயும்வரை தவழும் குழந்தையை அதன்மேல் விடக்கூடாது. மெழுகியவர் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே சமையலில் கை வைக்க வேண்டும். கையில் புண்ணுள்ளவர் மெழுகுதலைத் தவிர்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ சாம்பலோ எதுவும் வைக்கலாகாது. தாய்மாருக்குத் தடுப்பூசி போட்டதாலும் ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவியதாலும், தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதி செய்தது. அந்த நற்பயனைக் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையுமாகும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஓர் அறைக்கேனும் கெட்டித் தரை போட முடியுமானால் அது வீண் செலவு ஆகாது. மெக்ஸிகோ தேசத்தின் கோவாவிலா மாகாணத்தில் 2000-ஆம் ஆண்டு முதல், மண் தரையுள்ள ஏழைகளின் வீடுகளுக்கு அரசாங்கமே சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தது. அதன் பலனை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மண் தரை முழுவதும் சிமெண்டுத் தரையாக மாறிய வீடுகளின் குழந்தைகளிடம் வயிற்றுப் பூச்சிகள் நூற்றுக்கு 78 பங்கும், வயிற்றுப்போக்கு 49 பங்கும், சோகை 81 பங்கும் குறைந்ததாகக் கணக்கிட்டனர். கெட்டித் தரை போட வசதி இல்லாதவர்கள், குழந்தை தவழும் இடத்தில் கழுவக்கூடிய பாய் விரித்து, அதனை நாள்தோறும் வெயிலில் உலர்த்துவதால் ஓரளவு பாதுகாப்புப் பெறலாம்.

கல் பாவிய தரை

கிருஷ்ணகிரி ஜில்லா கருங்கல்லுக்குப் பேர்போனது. திண்ணை, தாழ்வாரம், தண்ணீர்த் தொட்டி அருகு ஆகிய இடங்களில் பாவும் கல் பலகை எளிதில் தேயாது. சாதாரணப் புளிப்பும் அதனை அசைக்காது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசிய சுண்ணாம்பு அல்லது சிமெண்டுச் சந்து அத்தகையது அன்று. கல் தாங்கும் என்று திராவகம் ஊற்றினால் சந்துகள் கரைந்து, அவ்வழியே நீர் இறங்கி, கீழே உள்ள மண் அரித்துக் கல் ஆடத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னர், சந்துகளைச் சுரண்டிப் பார்த்துப் பெயர்ந்த இடங்களில் மட்டும் புதிய கலவை வைத்து அடைத்துவிட்டால் இத்தரை தலைமுறை கடந்தும் நிலைக்கும்.

கல் தரையின் பெரிய பகை எண்ணெய். தொழிற்சாலையிலிருந்து வருவோரின் செருப்பில் ஒட்டிய இயந்திர எண்ணெயும், டிராக்டர் மசகும் திண்ணையில் கறுப்புத் திட்டுக்களாகப் படிகின்றன. எண்ணெய் சிந்தியவுடன் மரத்தூளையோ உலர்ந்த சாம்பலையோ தூவி உறிஞ்சவிட்டுக் கூட்டிவிட வேண்டும். பழைய கறையானால், சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து, விரல் கனத்துக்குக் கறையின்மேல் அப்பி, ஈரச் சாக்கால் மூடி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் சாக்கை எடுத்து, முழுதும் காயவிட்டுச் சுரண்டினால், தூள் காயும்போது எண்ணெயையும் தன்னுள் இழுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று தடவை செய்தால் கறை பெரிதும் மங்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கொண்டு கழுவுவது நெருப்பை வீட்டுக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

காவி கலந்த சிமெண்டுத் தரை

ரெட் ஆக்சைடு தரை என்று வழங்கும் காவித் தரை, ஒழுங்காகப் பேணினால் ஆண்டு செல்லச் செல்ல மெருகேறும் தன்மையது. இதற்குச் சிவப்பு நிறம் தருவது இரும்பின் துருவை ஒத்த ஒரு பொருள். அது வெயிலாலும் நீராலும் எளிதில் மாறாது. கெடுவது சாயம் அன்று, சாயத்தைத் தாங்கும் சிமெண்டே.

புதிதாகப் போட்ட தரையில் கட்டாயம் ஒரு வாரமேனும் நீர் நிறுத்த வேண்டும். சிமெண்டு இறுகுவதற்கு நீர் வேண்டும். விரைவில் காய்ந்த தரை மயிரிழை போல் வெடிக்கும். காவித் தரையின் வெடிப்பைப் பிற்பாடு அதே நிறத்தில் மறைப்பது அரிது. தரை நன்கு உலர்ந்த பிறகு, சில துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தோய்த்து மெல்லியதாகத் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தூசி ஒட்டும், வழுக்கவும் செய்யும். தினந்தோறும் பெருக்கிய பின் பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதே போதுமானது. சலவைச் சோடாவை இத்தரையில் அடிக்கடி உபயோகித்தால் எண்ணெய் மெருகு நீங்கிவிடும்.

செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கற்களும் சிமெண்டு வகையைச் சேர்ந்தவையே. கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தும் உலர்த்தியும் செய்யும் அக்கற்கள், நடமாட்டத்தாலும் துடைப்பதாலும் மெருகேறுகின்றன. அவற்றுக்குச் சொல்லும் பராமரிப்பு காவித் தரைக்கும் பொருந்தும்.

சுவர் ஓரங்களில் வெண்மையான உப்புப் பூத்தால், அது தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுவதன் அறிகுறி. உலர்ந்த துடைப்பத்தால் உப்பைக் கூட்டி வெளியே கொட்டிவிட்டு, ஈரம் வரும் வழியைத் தேட வேண்டும். அநேகமாக வீட்டின் பின்புறம் தேங்கும் கழிவுநீரோ, உடைந்த குழாயோ காரணமாக இருக்கும். அதனை விட்டுவிட்டு உப்பின்மேல் நீரை ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் தரைக்குள் இறங்கி, மறுபடியும் பூக்கும்.

மொசைக், சலவைக்கல், கடப்பைக் கல்

மொசைக் தரை என்பது சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டுடன் கலந்து பாவித் தீட்டியது. சலவைக்கல்லும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு இனத்தவை. புளிப்புச் சோதனையில் மூன்றும் தோற்கும். சமையலறையில் கடப்பைக் கல்லின்மேல் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் வட்டமாக வெளுத்த தடம் காண்பது இதனாலேயே. அது படிந்த கறை அன்று. கல்லே அரிக்கப்பட்ட தடம். தேய்த்துக் கழுவினால் போகாது. மீண்டும் தீட்டினால்தான் போகும்.

இவற்றை மிருதுவான சோப்பு நீரால் துடைத்து, பின்னர் வெறும் நீரால் ஒருமுறை துடைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாயுள்ள ஊர்களில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, தரையில் சாம்பல் நிறப் படலமாக ஒட்டும். தரை மங்கிவிட்டது என்று எண்ணி மேலும் சோப்பைக் கொட்டுவோர் படலத்தையே கனமாக்குகின்றனர். மழைநீரைச் சேமித்து வைத்திருப்போர் தரை துடைக்க அதனை உபயோகித்தால் இத்தொல்லை நீங்கும். மணல் ஒட்டிய செருப்பும், மேசை நாற்காலிகளைத் தரதரவென்று இழுப்பதும் மெருகுக்கு எமன். வாசலில் ஒரு முரட்டுச் சாக்கு மிதியடி போடுவது எந்த மருந்தையும்விட மேலானது.

டைல்ஸ்

சுட்ட களிமண் இனத்தைச் சேர்ந்த டைல்ஸ் நீரை அதிகம் உறிஞ்சுவது இல்லை. வீட்டில் வழங்கும் புளிப்பும் இதனைக் கெடுப்பதில்லை. ஆயினும் கல் தரையைப் போலவே இதற்கும் சந்துகளே பலவீனம். புதுத் தரையின்மேல் படியும் சிமெண்டுப் பாலை, ஈரமாயிருக்கும்போதே துணியால் துடைத்துவிட்டால் திராவகத்துக்கு வேலையே இராது. கொத்தனாருக்கு முழுக் கூலியையும் தீர்க்குமுன், தரை துடைக்கப்பட்டிருக்கிறதா என்று வீட்டுக்காரர் நேரில் பார்த்துவிடுவது உத்தமம். தப்பித் தவறிக் காய்ந்துவிட்டால், நனைத்து ஊறவிட்டு மரச் சில்லினால் பொறுமையுடன் சுரண்டலாம்.

பளபளப்பான டைல்ஸ் ஈரத்தில் மிகவும் வழுக்கும். முதிய வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் மீண்டும் முன்போல் நடமாடுவது அரிது. அழகுக்காகக் கூடத்தில் பதித்த அதே வழுவழுப்பான டைல்ஸைக் குளியலறையிலும் படியிலும் பதிப்பது பெரும் தவறு. அவ்விடங்களுக்குச் சொரசொரப்பானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்கெனவே பதித்துவிட்டவர்கள் கைப்பிடி ஒன்று சுவரில் பொருத்தி, ரப்பர் விரிப்பு போடுவார்களாக.

மாட்டுத் தொழுவத் தரை

மனிதர் தரையில் வழுக்கினால் எழுந்து கொள்ளவும் கூடும். கறவை மாடு கால் விரிந்து விழுந்தால் பல சமயம் எழுவதே இல்லை. தொழுவத்துச் சிமெண்டுத் தரையை ஒருபோதும் வழவழப்பாகத் தீட்டலாகாது. ஈரமாயிருக்கும்போதே துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்கி, வரிகள் போட வேண்டும். நாற்பது முதல் அறுபது அடி நீளத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் கால்வாயை நோக்கிச் சரிவு இருப்பது நல்லது.

மூத்திரம் தேங்கிய தரையில் படுக்கும் மாட்டின் மடியில் கிருமிகள் ஏறி மடிவீக்கம் காண்கிறது. காலையும் மாலையும் முதலில் சாணத்தை வாரி எருக்குழியில் சேர்த்து, அதன் பிறகே கழுவ வேண்டும். சாணத்தையும் சேர்த்து நீரால் அடித்துக் கால்வாயில் விடுவது எருவை விரயம் செய்வதாகும். கால்வாயின் முடிவில் ஒரு தொட்டி கட்டி மூத்திரத்தைச் சேமித்தால் வயலுக்கு உதவும். கழுவிய தரையை உலரவிட்டு, வாரம் ஒருமுறை நீற்றின சுண்ணாம்பைத் தூவலாம். கோமாரி நோய் நடமாடும் காலத்தில் 10 லிட்டர் நீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தரையைக் கழுவுவது அந்நோய்க் கிருமியை அழிக்கும்.

பட்டுப்புழு மனையின் தரை

இவ்வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போருக்குத் தரைச் சுத்தம் என்பது வருமானத்தையே காக்கும் காரியம். பிரெஞ்சு தேசத்தின் பட்டுத்தொழில் புழுநோயால் அழியும் நிலையை அடைந்தபோது, லூயி பாஸ்டர் 1865-ஆம் ஆண்டு முதல் அலே நகரத்தில் தங்கி ஆராய்ந்து, பெப்ரின் என்னும் நோய் முட்டை வழியாகவும் நோயுற்ற புழுவின் எச்சத்தின் வழியாகவும் பரவுவதை விளக்கினார். அந்த எச்சமும் தூசியும் தங்கும் இடம் தரையும் அதன் வெடிப்புகளுமே. ஒரு வளர்ப்பில் நோய் கண்ட மனையில் தரையைச் சுத்தி செய்யாமல் அடுத்த முட்டைத் தொகுதியைக் கொண்டுவருவது, நெருப்பு அணையாத குவியலின்மேல் வைக்கோலை அடுக்குவது போலாகும்.

மண் தரையை இதற்கெனச் சுத்தி செய்வது கடினம். மண்ணிலும் சாணத்திலும் உள்ள மக்கும் பொருள்கள் மருந்தின் சக்தியைக் கிருமியை அடையுமுன்பே குடித்துவிடும். ஆகவே புழு மனைக்கு வெடிப்பற்ற சிமெண்டுத் தரை அவசியம். வளர்ப்பு முடிந்ததும் குப்பை முழுவதையும் கூட்டி மனைக்குத் தொலைவில் புதைத்து, தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 10 லிட்டர் நீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீற்றின சுண்ணாம்பும் கலந்த தெளிவைத் தரையும் சுவரும் நனையத் தெளிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் காற்றுப் பட்டால் சக்தி இழக்கும். கட்டி பிடித்து மணம் குன்றிய பழைய பவுடரால் பயன் இல்லை. கரைத்ததை அன்றே உபயோகிக்க வேண்டும்.

ராகிக் களம்

ராகி மிகச் சிறிய தானியம். அதில் கலந்த மணலைப் பிற்பாடு பிரிப்பது எத்துணைக் கஷ்டம் என்பதைக் களியில் கல் கடித்தவர் அறிவர். களத்தை நீர் தெளித்துத் திமிசு போட்டு, சாணக் கரைசலை இரண்டு தடவை பூசிக் காயவிட்டு அடித்தால் தானியம் சுத்தமாகக் கிடைக்கும். கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிடுவது, ரோட்டில் செல்வோர் உயிருக்கும் களத்தில் நிற்போர் உயிருக்கும் ஆபத்தானது. சிமெண்டு உலர்களம் உள்ள ஊரார் அதன் வெடிப்புகளை அறுவடைக்கு முன்பே அடைத்து, கூட்டிக் கழுவி வைக்க வேண்டும். சென்ற பருவத்துத் தானியம் தங்கிய வெடிப்பிலிருந்தே வண்டுகள் புதுத் தானியத்துக்கு ஏறுகின்றன.

உயிருக்கு ஆபத்தான கலவைகள்

இதுகாறும் கூறியவற்றுள் தவறினால் தரை கெடும். இனிக் கூறுபவற்றுள் தவறினால் உயிருக்கே கேடு வரும்.

திராவகத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. ஒன்றை ஊற்றிய இடத்தில், அது கழுவப்படுமுன் மற்றொன்றை இடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலக யுத்தத்தில் 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரே நகர் அருகே போர்வீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது இவ்வாயுவே. அதனை அடைத்த குளியலறைக்குள் ஒரு வீட்டுப் பெண் தன் கையாலேயே உண்டாக்கிக்கொள்ள நேரிடலாம். மூத்திரம் தேங்கிய தொழுவத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் மூச்சைத் திணற அடிக்கும் வேறொரு நச்சு வாயு எழும். தொழுவத்தை முதலில் வெறும் நீரால் நன்கு கழுவிய பின்னரே அதனை உபயோகிக்க வேண்டும்.

திராவகத்தைத் தண்ணீர்ப் புட்டியிலும் சோடாப் புட்டியிலும் ஊற்றி வைக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் புட்டியின் வடிவம் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. எவரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வெளிவரும் திராவகம் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். 108 வண்டிக்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடம்பிலோ கண்ணிலோ பட்டால் இருபது நிமிஷமேனும் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

2013-ஆம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், வாங்குவோரின் பெயரையும் விலாசத்தையும் பதிவேட்டில் எழுதாமல் கடைகளில் திராவகம் விற்கக்கூடாது என்றும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்றும் விதிக்கப்பட்டது. வாங்குபவர் அரசாங்கம் வழங்கிய அடையாளச் சீட்டைக் காட்டி, வாங்கும் காரணத்தையும் கூற வேண்டும். சந்தையிலும் சில்லறைக் கடையிலும் அடைப்பில்லாத புட்டிகளில் இது விற்கப்படுமாயின், கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்தாரும் வாளா இருத்தல் தகாது.

அங்கன்வாடி, பள்ளிக்கூடம், நியாய விலைக் கடை ஆகியவற்றின் தரைகளும் அவர்களது கவனத்துக்கு உரியவை. குழந்தைகள் அமர்ந்து உண்ணும் தரையில் வெடிப்பு கண்டால், அது சிறிதாயிருக்கும்போதே ஒரு சட்டிக் கலவையால் அடைத்துவிடலாம். விட்டுவைத்தால் ஓர் அறை முழுவதும் பெயர்த்துப் போட நேரும். சுத்தம் செய்யும் பணியாளருக்குக் கையுறையும், எந்தத் தரைக்கு எது என்ற விவரத்தைத் தமிழிலும், தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஊர்களில் அம்மொழிகளிலும் சுவரில் எழுதி வைப்பதும் அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அன்று.

முடிவாக, எந்தத் தரைக்கும் முதல் மருந்து துடைப்பமும், இரண்டாவது மருந்து பிழிந்த ஈரத்துணியும், மூன்றாவது மருந்து சிந்தியதை உடனே துடைக்கும் பழக்கமுமே. இம்மூன்றும் தவறாத வீட்டில் புட்டிகளுக்கு அதிக வேலை இராது. பாட்டனார் போட்ட காவித் தரையில் பேரன் முகம் பார்க்கும் வீடுகள் இன்னும் நம் கிராமங்களில் உள்ளன. அத்தரைகளைக் காத்தது வாரந்தோறும் கையால் துடைத்த பழக்கமேயன்றி வேறன்று. அதனை அறிந்து குடியானவர்கள் தம் வீட்டுத் தரையையும், அதன்மேல் தவழும் மக்களையும், அருகில் கட்டிய மாடுகளையும் காத்துக்கொள்வார்களாக.